மிதித்தால் ஊளையிடும் ஸ்பீக்கர்: ஆல்டர்னேட்டரை மாற்றலாமா?

கேள்வி: எனக்குக் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு. காபித் தோட்டத்தில் மேற்பார்வை வேலை. பத்து வருடப் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். போன சித்திரையில் கீழே ஒரு கடையில் டச் ஸ்கிரீன் செட், சத்தத்தைப் பெருக்கும் நாலு சேனல் ஆம்ப், டிக்கியில் ஊஃபர் எல்லாம் மாட்டினேன். ஆம்புக்கு பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தார்கள். ஆரம்பத்தில் அருமையாக இருந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு ஸ்பீக்கரில் ஒரு ஊளைச் சத்தம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அதன் சுதியும் ஏறுகிறது. ஊத்து என்ற ஊரிலிருந்து பெருமாள்மலைக்கு இரண்டாவது கியரில் ஏறும்போது காதைக் குடைகிறது. செட்டில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனாலும் அது நிற்பதில்லை. ஹெட்லைட், வைப்பர் போட்டால் இன்னும் கூடுகிறது. போனை சார்ஜில் போட்டுக்கொண்டு ஆக்ஸ் வயரில் பாட்டுக் கேட்டால் கிர்ரென்று வேறொரு சத்தம். எஃப்.எம். செட் மாற்றிய நாளிலிருந்தே வளைவுக்கு வளைவு கரகரக்கிறது. கடைக்காரர் முதலில் செட்டின் பவர் வயரில் ஒரு ஃபில்டர் போட்டார், பயனில்லை. இப்போது ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டும், ஒன்பதாயிரம் ஆகும் என்கிறார். மாற்றலாமா ஐயா? அதுவரை ஊளை கேட்காமலிருக்கப் பாட்டைக் கூட்டி வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: தம்பி, ஆல்டர்னேட்டரை, அதாவது எஞ்சின் சுழற்ற மின்சாரம் தரும் அந்தக் கருவியை, மாற்றாதீர்கள். குறைந்தபட்சம் நான் கீழே சொல்லும் சோதனைகளைச் செய்து முடிக்கும்வரை அந்த ஒன்பதாயிரத்தை வெளியே எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கும் விவரங்கள் எல்லாம் ஆல்டர்னேட்டரை விட்டுவிட்டு, டிக்கியில் ஆம்பின் மைனஸ் வயரைப் பாடியோடு சேர்க்கும் எர்த் போல்ட்டைத்தான் கைகாட்டுகின்றன.

சத்தத்தைப் பற்றிப் பேசும் முன் இரண்டு விஷயங்களை இன்றைக்கே கவனியுங்கள்.

"பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஃப்யூஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பானெட்டைத் திறந்து, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் அந்தத் தடித்த வயரில் ஒன்றரை அடிக்குள் ஒரு ஃப்யூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்பின் உடம்பிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்று கடையில் சொல்வார்கள். அது ஆம்பைக் காப்பாற்றும். பேட்டரிக்கும் ஆம்புக்கும் நடுவே பாயின் அடியில் ஓடும் நாலைந்து மீட்டர் வயரைக் காப்பாற்றாது. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே நுழையும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் போடாமல் விட்டிருந்தால், மலைச்சாலைக் குலுக்கலில் வயரின் தோல் கொஞ்சம் கொஞ்சமாக உரசித் தேயும். செம்பு ஒருநாள் பாடியைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் கக்கும். ஃப்யூஸ் இல்லையென்றால் வயர் பழுத்துத் தீப்பிடிக்கும். ஃப்யூஸ் இல்லாவிட்டால் அந்த வயரை பேட்டரியிலிருந்து கழற்றிவிடுங்கள். ஊளையும் பாட்டும் சேர்ந்தே நிற்கட்டும், பரவாயில்லை. ஃப்யூஸ் போட்ட பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஊளையை மறைக்கப் பாட்டைக் கூட்டுவது. நீங்கள் தினமும் ஓட்டுவது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள சாலை. மேலிருந்து இறங்கும் பஸ் கண்ணில் படும் முன் அதன் ஹாரன்தான் காதில் விழும். பனி இறங்கிய மாலையில் கண்ணைவிடக் காதுதான் துணை. சத்தம் சரியாகும்வரை செட்டை அணைத்தே ஓட்டுங்கள். செட்டை அணைத்தால் ஆம்பும் அணையும், ஊளையும் போகும். அப்படி அணைத்தும் ஊளை கேட்டால் அது ஸ்பீக்கரிலிருந்து வருவதல்ல. பானெட்டுக்குள் ஒரு பேரிங்கோ பெல்ட்டோ கத்துகிறது என்று அர்த்தம். அது மெக்கானிக் வேலை, அதற்கு இந்தப் பதில் பொருந்தாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

இப்போது ஊளைக்கு வருகிறேன். சுதி எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் அது பிறக்குமிடம் ஆல்டர்னேட்டர்தான். கடைக்காரர் அந்த அளவில் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் எந்தக் காரிலும், நேற்று ஷோரூமிலிருந்து இறங்கிய காரிலும், ஆல்டர்னேட்டர் அந்த அலையை உண்டாக்கிக்கொண்டேதான் இருக்கிறது. உள்ளே பிறப்பது மூன்று ஃபேஸ் மாறுமின்சாரம். ஆறு டையோடுகள் அதை நேர்மின்சாரமாக்குகின்றன. அப்படி ஆக்கும்போது வோல்ட்டேஜ் முழுக்க மட்டமாக இருக்காது. மேலே சிறு சிறு மேடுபள்ளங்கள் தங்கும். வழக்கமான 12 துருவ ஆல்டர்னேட்டரில் ஒரு சுற்றுக்கு 36 மேடுகள். ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், புல்லி அதை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்கி ஆல்டர்னேட்டரை 2,000 சுற்றில் ஓட்டுகிறது. கணக்குப் போட்டால் நொடிக்கு 1,200 அலை. இரண்டாவது கியரில் எஞ்சினை 3,000க்குக் கொண்டுபோனால் 4,500 அலை. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000க்கும் 5,000க்கும் நடுவில்தான். ஏற்றத்தில் உங்கள் காதை ஏன் குடைகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

ஆக, அந்த அலை இருப்பது பழுதல்ல. அது ஸ்பீக்கருக்குள் நுழைய ஒரு வழி கிடைத்திருப்பதுதான் பழுது. வழியைத் தேடாமல் பொருளை மாற்றிக்கொண்டே போனால் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், செட், ஆம்ப் என்று காசுதான் கரையும். புது ஆல்டர்னேட்டரும் அதே வழியில் ஊளையிடும்.

வழி எங்கே என்பதை உங்கள் கடிதமே பாதி சொல்லிவிடுகிறது. வால்யூமைப் பூஜ்யமாக்கினாலும் சத்தம் நிற்கவில்லை என்றீர்கள். இது மிக முக்கியமான விவரம். வால்யூம் கட்டுப்பாடு செட்டுக்குள் இருக்கிறது. செட்டுக்கு முன்னால், அதாவது போனிலோ எஃப்.எம்.மிலோ நுழைந்த சத்தமாக இருந்தால் வால்யூமைக் குறைக்கும்போது அதுவும் குறைந்தாக வேண்டும். குறையவில்லை என்றால் அது வால்யூமைத் தாண்டிய பிறகு நுழைகிறது. செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயர், அல்லது ஆம்ப். தேட வேண்டிய இடம் இவ்வளவுதான். கடைக்காரர் செட்டின் பவர் வயரில் ஃபில்டர் போட்டது ஏன் பலிக்கவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது.

அடுத்த விவரம், ஆரம்பத்தில் நன்றாக இருந்து மழைக்குப் பிறகு தொடங்கியது. வயரிங்கே தப்பாக இருந்திருந்தால் முதல் நாளே கத்தியிருக்கும். இடையில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. மழையிலும் பனியிலும் கெடுவது எர்த். வயர் நுனியில் செம்பு வளையமான லக், இரும்புத் தகடு, நடுவில் ஈரம். இரண்டு வேறு உலோகங்களுக்கு நடுவில் ஈரம் நின்றால் அரிப்பு வேகமாக நடக்கும். போல்ட்டின் அடியில் துரு, லக்கின் மேல் பச்சைக் களிம்பு. வெளியிலிருந்து பார்த்தால் போல்ட் இறுக்கமாகத்தான் இருக்கும், ஆட்டினால் ஆடாது. மின்சாரத்துக்குத்தான் அது தடை. மலையில் ஓடும் வண்டிகளில் இதை நிறையப் பார்க்கலாம். டிக்கிக் கதவின் ரப்பர் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் ஸ்டெப்னிக் குழியில் தண்ணீர் தேங்கும். பாயைத் தூக்கி அங்கே ஈரமிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

எர்த் கெட்டால் ஊளை எப்படி வரும்? காரில் மைனஸுக்குத் தனி வயர் கிடையாது. பாடித் தகடு முழுவதும்தான் மைனஸ். செட்டுக்கு டேஷ்போர்டுக்குள் ஓர் எர்த், ஆம்புக்கு டிக்கியில் ஓர் எர்த். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். டிக்கி எர்த்தில் துரு ஏறிவிட்டால் ஆம்பின் மைனஸ் கொஞ்சம் உயர்ந்து நின்றுவிடும். பூம்பாறைப் பூண்டு வயல்களில் மேல் பாத்திக்கும் கீழ் பாத்திக்கும் நடுவே ஒரு குழாயைச் சொருகினால் தண்ணீர் தானாக ஓடுவதுபோல், இந்த இரண்டு மட்டங்களுக்கும் நடுவே ஆர்.சி.ஏ. வயரின் வெளி உறை வழியாக மின்சாரம் ஓடும். அந்த மின்சாரத்தில் ஆல்டர்னேட்டரின் மேடுபள்ளமும் சேர்ந்தே வரும். ஆம்புக்கு அது பாட்டா, அலையா என்று தெரியாது. வந்ததையெல்லாம் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டால் ஊளை கூடுவதும் இதனால்தான். ஆல்டர்னேட்டர் அதிகம் உழைக்கிறது, பாடி வழியாகத் திரும்பும் மின்சாரம் கூடுகிறது, மட்ட வித்தியாசமும் கூடுகிறது.

இதை உறுதிசெய்ய ஒரு மல்டிமீட்டர் போதும். நேர்மின் வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையில் ஒரு நீள வயரைக் கட்டி பேட்டரி மைனஸ் முனையில் பிடியுங்கள். எஞ்சினை ஓட விட்டு, ஹெட்லைட் போட்டு, பாட்டை ஓரளவு சத்தமாக வைத்து, சிவப்பு முனையை ஆம்பின் எர்த் ஸ்க்ரூவில் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.3, 0.5 என்று காட்டினால் கள்வன் அங்கேதான். எஞ்சினை அணைத்துவிட்டு ஓம் அளந்து பார்த்து எர்த் சரியாக இருக்கிறது என்று சிலர் முடிவுகட்டுவார்கள். அதை ஏற்காதீர்கள். பத்து இருபது ஆம்பியர் ஓடும்போதுதான் துருவின் தடை வெளியே தெரியும்.

சரிசெய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பலரும் அரைகுறையாக விடும் இடம் இது. முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள், பிறகுதான் மற்றதெல்லாம். ஆம்பின் எர்த் போல்ட்டைக் கழற்றி, லக் உட்காரும் அளவுக்குத் தகட்டிலுள்ள பெயின்ட்டையும் துருவையும் எமரித் தாளால் சுரண்டுங்கள். வெள்ளைத் தகடு பளபளக்க வேண்டும். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் எர்த் கிடைத்தால் போதும் என்று விடக் கூடாது. வயர் நுனியையும் பாருங்கள். பச்சை ஏறியிருந்தால் அந்த நுனியை வெட்டிவிட்டுப் புது லக் அடியுங்கள். லக்கை முறையான கருவியால் நசுக்க வேண்டும், பிளையரால் கடிப்பது நிற்காது. வயரின் இழையை ஒரு பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளியாகத் தெரிகிறதா? அப்படியென்றால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். விலை மலிவு, அதே தடிமனில் மின்சாரம் குறைவாகத்தான் தாங்கும், ஈரத்தில் சீக்கிரம் கெடும். முழுச் செம்பு வயர் கேட்டு வாங்குங்கள். எர்த் வயரின் தடிமன், பேட்டரி பிளஸ்ஸிலிருந்து வரும் சிவப்பு வயருக்குச் சமமாக இருக்க வேண்டும், நீளம் இரண்டடிக்கு மேல் வேண்டாம். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள், அடுத்த மழைக்குத் தாங்கும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். உயிர் காக்கும் போல்ட்டை இதற்காகக் கழற்றி மாட்டக் கூடாது. புதுத் துளை போடுவதாக இருந்தால் வண்டிக்கு அடியில் போய், அந்த இடத்துக்கு நேர் கீழே பெட்ரோல் டேங்கோ குழாயோ இல்லை என்று பார்த்த பிறகே டிரில்லைத் தொடுங்கள்.

கையோடு பானெட்டுக்குள்ளும் பாருங்கள். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் பட்டை இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுங்கள். பத்து வருட வண்டியில் எஞ்சின் பட்டை பாதி இழையறுந்து நிற்பது சகஜம்.

பெரும்பாலும் இத்தோடு ஊளை போய்விடும். போகவில்லை என்றால் அடுத்த சோதனை. செட்டை அணைத்துவிட்டு ஆம்பிலிருந்து ஆர்.சி.ஏ. வயர்களை உருவுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது உருவக் கூடாது, காரணம் கீழே வருகிறது. உருவிய நிலையில் செட்டைப் போட்டு, எஞ்சினை ஓட்டி, ரேஸ் கொடுத்துப் பாருங்கள். ஊளை இல்லை என்றால் ஆம்ப் குற்றமற்றது, சத்தம் ஆர்.சி.ஏ. வழியாகத்தான் வருகிறது. ஆர்.சி.ஏ. இல்லாமலும் ஊளையிட்டால் பிரச்சினை ஆம்பிலோ அதன் பவர் வயரிலோ, அல்லது ஸ்பீக்கர் வயர் எங்காவது நசுங்கிப் பாடியைத் தொடுவதிலோ இருக்கிறது.

ஆர்.சி.ஏ. வழியாகத்தான் என்று தெரிந்தால் ஒரு போனை, சார்ஜர் போடாமல், ஆக்ஸ் முனையிலிருந்து ஆர்.சி.ஏ. முனைக்கு மாறும் வயர் மூலம் நேராக ஆம்பில் சொருகிப் பாட்டுப் போடுங்கள். காருக்கும் அந்தப் போனுக்கும் வேறு எந்தத் தொடர்பும் கூடாது. இப்போது சுத்தமாகப் பாடினால் செட்டின் பக்கம்தான் வேலை இருக்கிறது. செட்டின் இரும்பு உடம்பிலிருந்து ஒரு தற்காலிக வயரை நல்ல எர்த்துக்கு இழுத்துப் பாருங்கள். ஊளை குறைந்தால் செட்டின் எர்த் போதவில்லை, புதிதாக ஒன்று கொடுக்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நான் இன்னொன்றையும் சந்தேகப்படுகிறேன். டிக்கி எர்த் கெட்டு நின்ற மாதங்களில் ஆம்பின் மின்சாரம் ஆர்.சி.ஏ. உறை வழியாகத் திரும்ப முயன்றிருக்கும். சில செட்டுகளில் அந்த உறை செட்டுக்குள் ஒரு பொடி ஃப்யூஸ் வழியாகவோ, தலைமுடிபோன்ற ஒரு செம்புக் கோடு வழியாகவோதான் எர்த்தில் சேர்கிறது. கனத்த மின்சாரம் போனால் அது எரிந்துவிடும். ஓடும்போது ஆர்.சி.ஏ.வை உருவிச் சொருகினாலும் எரியலாம். எரிந்த பிறகு டிக்கி எர்த்தை எவ்வளவு அழகாகப் போட்டாலும் ஊளை போகாது. இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆர்.சி.ஏ. மாட்டியிருக்கும்போதே அதன் வெளி வளையத்துக்கும் செட்டின் இரும்பு உடம்புக்கும் ஒரு சிறு வயரால் பாலம் போடுங்கள். சட்டென்று ஊளை நின்றால் உள்ளே எரிந்திருக்கிறது என்று பொருள். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர் செட்டைத் திறந்து அந்தப் பொடி ஃப்யூஸை மாற்றிவிடுவார். செட்டையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வயர் ஓடும் பாதையையும் கேளுங்கள். சிறிய காரில் சோம்பலுக்குச் சிவப்பு வயரையும் ஆர்.சி.ஏ.வையும் ஒரே பக்கம், ஒரே டேப்பில் சுற்றி இழுத்துவிடுவார்கள். ஒன்று இடப்பக்கம் போனால் மற்றொன்று வலப்பக்கமோ நடுவிலோ போக வேண்டும். எங்காவது குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறிபோல நேர்குறுக்காகக் கடக்கட்டும்.

ஆம்பில் 'கெயின்' என்று ஒரு திருகு இருக்கும். இதை இன்னொரு வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருகிவிடுவார்கள். கடையிலிருந்து இறங்கும்போது பேஸ் அதிர வேண்டும் என்பதற்காகவே இதைச் செய்கிறவர்கள் உண்டு. செட் எத்தனை வோல்ட் தருகிறதோ அதற்கு ஆம்பைப் பொருத்துவது மட்டும்தான் அந்தத் திருகின் வேலை. ஆர்.சி.ஏ.வில் 5 மில்லிவோல்ட் ஊளை நுழைகிறது என்று வையுங்கள். கெயின் 4 வோல்ட் முனையில் இருந்தால் அது முழுச் சத்தத்தில் எண்ணூறில் ஒரு பங்கு. காதில் விழுவதே அரிது. அதே திருகை 0.2 வோல்ட் முனைக்குத் தள்ளினால் நாற்பதில் ஒரு பங்கு. நுழைந்த சத்தம் ஒன்றுதான், கேட்பது இருபது மடங்கு. அதனால் செட்டின் பேஸ் பூஸ்ட்டை அணைத்து, வால்யூமை முக்காலுக்கு வைத்து, கெயினை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். குரல் பிசிறத் தொடங்கும் இடத்திலிருந்து கொஞ்சம் பின்வாங்கி நிறுத்துங்கள். எஞ்சின் ஓடாதபோதும் 'உஸ்' என்று ஒரு சத்தம் இருக்குமானால் அதுவும் இதில் அடங்கிவிடும். எர்த்தைச் சரிசெய்யாமல் கெயினை மட்டும் குறைப்பது நோயை மூடிவைப்பது, இரண்டையும் செய்யுங்கள்.

போனை சார்ஜில் போட்டு ஆக்ஸில் கேட்கும்போது வரும் கிர்ர் சத்தம் தனிக் கதை, சுலபமான கதை. சார்ஜர் ஓர் எர்த் தருகிறது, ஆக்ஸ் வயர் செட் வழியாக இன்னோர் எர்த் தருகிறது, நடுவில் போன். மேலே சொன்ன அதே சுற்றுதான், சின்ன அளவில். சார்ஜரை உருவினால் நின்றுவிடும், பாருங்கள். டச் ஸ்கிரீன் செட்டில் ப்ளூடூத் இருக்குமே, அதில் கேளுங்கள். ஆக்ஸ்தான் வேண்டுமென்றால் ஆக்ஸ் வயரில் சொருகும் ஐசொலேட்டர் ஒன்று கடைகளில் கிடைக்கிறது. உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள். பாட்டு போகும், எர்த் போகாது. அடி பேஸ் கொஞ்சம் மெலியும். இதே பொருளை ஆம்பின் ஆர்.சி.ஏ.விலும் போட்டு ஊளையை அமுக்கிவிடலாம் என்று கடையில் சொல்லக்கூடும். அங்கே வேண்டாம். துருப்பிடித்த எர்த் அப்படியே இருக்கும், ஆம்பும் சூடேறி உழைக்கும்.

ஆல்டர்னேட்டர் நல்லதா கெட்டதா என்பதையும் அளந்தே தெரிந்துகொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் நேர்மின் வோல்ட் 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். பிறகு மீட்டரை மாறுமின் வோல்ட்டுக்கு மாற்றுங்கள். முதலில் எஞ்சினை அணைத்து அளங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். சில மலிவு மீட்டர்கள் இங்கே இருபதுக்கு மேல் காட்டும். அந்த மீட்டர் இந்தச் சோதனைக்கு உதவாது, வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள். பூஜ்யம் காட்டினால் எஞ்சினை ஓட்டி, ஹெட்லைட் போட்டு அளங்கள். 0.1 வோல்ட்டுக்குள் என்றால் டையோடுகள் நலம். 0.5ஐத் தாண்டினால் ஒரு டையோடு போயிருக்கலாம். அப்போதும் முழு ஆல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டியதில்லை. டையோடு பிளேட்டை மட்டும் மாற்றித் தரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் திண்டுக்கல்லிலும் மதுரையிலும் தாராளமாக இருக்கிறார்கள். டையோடு போன வண்டியில் வேறு அடையாளங்களும் தெரியும். பேட்டரி விளக்கு மங்கலாக எரியும், ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும். நீங்கள் இவற்றில் ஒன்றையும் எழுதவில்லை. பேட்டரி வயதானதா என்றும் பாருங்கள். நல்ல பேட்டரி அந்த மேடுபள்ளத்தைத் தானே ஓரளவு விழுங்கிக்கொள்ளும். தேய்ந்த பேட்டரிக்கு அந்தத் தெம்பு இல்லை.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். டிக்கி எர்த்தை உங்கள் கண்முன்னால் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்காமல் மாற்றச் சொல்கிறவரிடம் வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள்.

கடைசியாக எஃப்.எம். இதில் ஒரு பங்கு யாராலும் சரிசெய்ய முடியாதது. எஃப்.எம். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போவது. மலை குறுக்கே நின்றால் நிழல் விழும். கோடை பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் சுமார் மூன்று மீட்டர். நேராக வரும் அலையும் எதிர்ப் பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் ஆன்டெனாவில் சந்திக்கும்போது ஓரிடத்தில் ஒன்றையொன்று கூட்டும், இரண்டு மூன்று அடி தள்ளி ஒன்றையொன்று கெடுக்கும். வளைவில் வண்டி நகர நகரக் கரகரப்பு வந்து வந்து போவது அதனால்தான். ஒரு பாதுகாப்பான ஒதுக்கிடத்தில் எஞ்சினை அணைத்து, செட்டை மட்டும் போட்டுக் கேளுங்கள். அப்போதும் கரகரத்து, வண்டியை இரண்டு மூன்று அடி நகர்த்தி நிறுத்தினால் மாறுகிறது என்றால் அது வானத்திலிருந்து வருவது. எஞ்சினைப் போட்டவுடன் டிக் டிக் என்று சேர்ந்துகொண்டால் அது ஸ்பார்க் பிளக்கின் வேலை. பிளக்கின் எண்ணில் ரெசிஸ்டரைக் குறிக்கும் 'ஆர்' எழுத்து இருக்கிறதா, கம்பெனி சொன்ன வகைதானா என்று பாருங்கள். இக்னிஷன் காயிலின் ரப்பருக்குள் ஈரம் இருந்தாலும் இப்படி வரும். சார்ஜர், டேஷ்கேம், வெளியில் வாங்கி மாட்டிய எல்.இ.டி. விளக்குகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்தும் கேளுங்கள்.

ஆனால் "செட் மாற்றிய நாளிலிருந்தே" என்று நீங்கள் எழுதியது எனக்கு வேறொன்றைச் சொல்கிறது. பழைய செட்டிலும் இதே வளைவுகளில்தானே போனீர்கள்? கூரையில் குட்டை ஆன்டெனா இருக்கும் கார்கள் பலவற்றில் அதன் அடியில் ஒரு சின்ன பூஸ்டர் இருக்கிறது. அதற்கு 12 வோல்ட் தேவை. கம்பெனி செட் அதை ஆன்டெனா வயர் வழியாகவே கொடுத்துவிடும். வெளிச் செட் மாட்டும்போது, ஆன்டெனா அடாப்டரிலிருந்து வரும் ஒரு மெல்லிய வயரைச் செட்டின் நீல வயரோடு சேர்க்க வேண்டும். அவசரத்தில் அதைச் சேர்க்காமல் டேஷ்போர்டுக்குள் மடித்துவிடுவார்கள். பூஸ்டர் செத்துக் கிடக்கும், ஊருக்குள் பாடும் எஃப்.எம். வளைவு திரும்பியதும் மங்கிவிடும். எர்த் வேலைக்குப் போகும்போதே செட்டை வெளியே இழுத்து அந்த வயரைத் தேடச் சொல்லுங்கள். உங்கள் காருக்கு அப்படி ஒரு வயர் இருந்து, அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால், இப்போது சேர்த்துத் தருவதற்கு அவர் தனியாகக் காசு கேட்கக் கூடாது. செட் மாட்டிய கூலியிலேயே அந்த வேலை அடக்கம்.